பந்தைத் துரத்தும் கேமரா

இரண்டு மாதமாக ஒரு கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாண்டின் உச்சியில் அதை வைத்து செல்போனை மாட்டிவிட்டால் போதும், பந்து போகிற பக்கமெல்லாம் தானே கழுத்தைத் திருப்பிப் படம் எடுக்கும். வெளிநாட்டில் இருக்கும் நண்பன் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனான். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அது எதைப் பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

தங்கை மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் ஆடுகிறாள். ராஜபாளையத்துப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். முன்பெல்லாம் யாராவது ஒரு சப்ஸ்டிட்யூட் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். கோல் விழுந்ததும் அது துள்ளிக் குதிக்கும், வீடியோவில் கொஞ்ச நேரம் வானமும் வேப்பமரமும் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் ஆட்டம் பார்த்த மாதிரி இருக்காது. எனவே இந்தக் கருவி வந்ததில் எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முதல் வீடியோவை வாட்ஸப் குழுவில் போட்ட மறுநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு போன். ராஜபாளையம் அணியில் லெஃப்ட் பேக் ஆடும் பெண்ணின் அப்பா. ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஷிஃப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, முழுசாகப் பார்த்திருக்கிறார்.

"சார், வீடியோவ ரெண்டு தடவ பாத்துட்டேன். எம்பொண்ணு எங்கயுமே இல்லையே. அவள உக்கார வச்சிட்டாங்களா?"

"இல்லண்ணே, முழு மேட்சும் ஆடுனா. நான் அங்கதான இருந்தேன்."

"அப்ப வீடியோல ஏன் இல்ல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் உட்கார்ந்து, ஐம்பது நிமிட வீடியோவைக் கைக்கடிகாரத்தோடு பார்த்தேன். அவள் சட்டத்துக்குள் இருந்த நேரமெல்லாம் கூட்டினால் ஏழு நிமிடம் தேறவில்லை. அதிலும் பாதி, த்ரோ எறியப் பந்தைத் தூக்கிக்கொண்டு வருவது.

ஆனால் அன்றைக்கு அவள் நன்றாக ஆடினாள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவளுக்கு எதிர்ப்பக்கம் ரைட் விங்கில் நின்றது என் தங்கை மகள். சாயங்காலம் முழுக்க ஒரே புலம்பல்: "அந்தக்கா எடத்த விட்டு நகரவே மாட்டேங்கிறாங்க மாமா. நான் ஓடுனா கூடவே வாராங்க, நின்னா நிக்கிறாங்க. எனக்கு யாரு பாஸ் போடுவா?" நடுவில் பந்து வைத்திருந்த பிள்ளை வலப்பக்கம் நிமிர்ந்து பார்ப்பாள், வழி அடைத்திருக்கும், வேறு பக்கம் தள்ளிவிடுவாள். பந்து போகாத பக்கத்துக்குக் கேமராவும் போகாது. தன் வேலையைச் சரியாகச் செய்ததனாலேயே அந்தப் பெண் படத்தில் இல்லாமல் போய்விட்டாள்.

இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பொதுவாக இரண்டு ஜாதி. ஒன்று, டென்மார்க்கின் வியோ மாதிரி: அருகருகே பதித்த லென்ஸ்கள் மைதானம் முழுவதையும் 180 பாகைக்குப் படம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்டாண்டை 7 மீட்டர் வரை உயர்த்துவார்கள். பந்தைத் துரத்துவது பிறகு மென்பொருளில் நடக்கிறது, அந்த அகலப் படத்துக்குள் ஒரு சின்னச் சட்டம் பந்தின் பின்னால் ஓடுகிறது. வேண்டுமானால் சட்டத்தை நகர்த்திவிட்டு மற்ற மூலையையும் பார்க்கலாம். கேமரா விலையோடு நிற்காது, சந்தாவும் கட்ட வேண்டும். நம் ஊர் அணிகளுக்குக் கட்டுப்படியாகாது. இன்னொன்று என்னிடம் இருப்பது. போனே உடம்போடு திரும்புகிறது. அது திரும்பாத பக்கம் பதிவே ஆகவில்லை. பிறகு எந்த மென்பொருளும் அதைக் கொண்டுவர முடியாது.

விலை குறைந்த கருவியிடம் அந்தப் பெண்ணின் நாற்பத்து மூன்று நிமிடங்கள் மொத்தமாகப் போய்விட்டன என்பது இதன் பொருள்.

மற்ற தொல்லைகள் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. மண் தரையில் தோல் உரிந்த பந்து புழுதி நிறத்துக்கு வந்துவிடும், கருவி தடுமாறும். கண்ணைப் பறிக்கும் கலரில் பந்து வாங்கினோம். கிழக்கு ஓரத்தில் ஸ்டாண்டை வைத்தால் சாயங்காலம் சூரியன் நேரே லென்ஸுக்குள் இறங்கும். மேற்கு ஓரத்துக்கு மாற்றினோம். ஆடிக் காற்றுக்கு ஸ்டாண்டு ஆடியது. சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினோம். அதே மைதானத்தில் மூன்று கிரிக்கெட் மேட்ச் நடப்பதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெரிய இடத்திலும் தடுமாற்றம் உண்டு. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் கலிடோனியன் திசில் அணியும் அயர் யுனைடெட் அணியும் ஆடிய ஆட்டத்தை பிக்செலாட் நிறுவனத்தின் தானியங்கிக் கேமரா ஒளிபரப்பியது. கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை, வீட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும். கேமரா லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணித் திரும்பத் திரும்ப அவரிடமே போனது. உலகமே சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பைவிட நிம்மதி அதிகம். அது பளிச்சென்று தெரியும் தப்பு, பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். என் வீடியோவில் கருவி ஒரு தப்பும் செய்யவில்லை. பந்தை ஒழுங்காகத்தான் துரத்தியது. அதனால்தான் ஒரு தகப்பன் அதை முழுசாக நம்பி, மகளை உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

கால்பந்து தெரிந்தவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிவருவதுதான். யோஹான் க்ரைஃப் ஒரு கணக்குச் சொல்வார்: தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரனின் காலில் பந்து இருப்பது சராசரியாக மூன்று நிமிடம், மீதி எண்பத்தேழு நிமிடம் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் நல்ல ஆட்டக்காரனா இல்லையா என்பது இருக்கிறது. தொழில்முறை அணிகள் இதைத் தெரிந்தே வைத்திருக்கின்றன. டிவியில் நமக்கு வருவது பந்தைத் துரத்தும் படம். அவர்கள் தங்கள் ஆட்டத்தை அலச எடுத்துக்கொள்வது வேறு படம்: உயரத்திலிருந்து, அகலமாக, ஆட்டக்காரர்கள் எல்லாரும் தெரிகிற மாதிரி. பார்க்க ஒரு சுவாரசியமும் இருக்காது, எறும்பு ஊர்வது போல இருக்கும். பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு என்று சொல்லி விற்கப்படும் கருவி, முன்னால் கொண்டுவந்து வைப்பதோ டிவிக்காரன் படத்தை.

எதை எண்ணுகிறோமோ அதுதான் ஆட்டம் என்று ஆகிவிடும் அபாயம் கேமராவுக்கு முன்பே உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் அணியின் ஆட்டத்தில் நோட்டை எடுத்துப் பாஸ்களை எண்ண ஆரம்பித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன, எனவே பந்தை நீளமாக அடித்து முன்னே தள்ளுங்கள் என்றார். ஆட்டத்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் அறுந்துபோகிறவைதான், கோலும் அதிலிருந்துதான் அதிகம் வரும் என்று பிற்காலத்தில் மற்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்குள் பல இங்கிலாந்து அணிகள் பந்தை வானத்துக்கு அடித்துப் பழகிவிட்டன.

பந்தை விட்டுவிட்டு ஆளைத் துரத்திப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மன் இயக்குநர் ஹெல்முத் கோஸ்டார்ட் 1970 செப்டம்பர் 12 அன்று, மான்செஸ்டர் யுனைடெட், கோவென்ட்ரி அணியோடு ஆடிய ஆட்டத்தில் எட்டு 16 எம்.எம். கேமராக்களை ஜார்ஜ் பெஸ்ட் மீது மட்டும் வைத்தார். 2005 ஏப்ரல் 23 அன்று ரியல் மாட்ரிட், வில்லாரியால் ஆட்டத்தில் டக்ளஸ் கார்டனும் ஃபிலிப் பரேனோவும் பதினேழு கேமராக்களை ஜிதேன் மீது வைத்தார்கள். இரண்டு படமும் பொறுமையைச் சோதிக்கும். ஜிதேன் நடக்கிறார், காலுறையை இழுத்துவிடுகிறார், தரையைப் பார்க்கிறார், திடீரென்று ஓடுகிறார், மறுபடி நடக்கிறார். கோல் எங்கே விழுந்தது என்றே பிடிபடாது. ஆனால் பெரிய ஆட்டக்காரன் எவ்வளவு நேரம் நின்று யோசிக்கிறான் என்று அதில்தான் பார்த்தேன். ஜிதேனுக்குப் பதினேழு கேமரா வைக்கலாம், மில் தொழிலாளி மகளுக்கு வைக்க முடியாது என்பது தெரியும். ஒன்றாவது அவள் பக்கம் திரும்பக் கூடாதா என்பதுதான் கேள்வி.

நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். தாலி கட்டும்போது ஒருவர் தாலியை எடுத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் பெண்ணின் அம்மா முகத்துக்குத் திரும்பிவிடுவார். மேளம் எங்கே கேட்கிறதோ அங்கேயே கேமராவை நிறுத்துகிறவரை மறுதடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் இழுக்கும்போதும் அப்படித்தான். கூட்டம் முழுக்க மேலே பார்த்துக் கும்பிடும். சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்கள் இல்லையென்றால் தேர் முக்குத் திரும்பாது.

இதெல்லாம் ரசனை விஷயம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் வீடியோ இப்போது வேறு வேலைக்கும் போகிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரமாகத் தெரியவில்லை. எங்காவது செலக்‌ஷன் என்றால் "கிளிப் இருந்தா அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். கருவியோடு வரும் செயலி தானாகவே கிளிப் வெட்டித் தருகிறது: கோல், ஷாட், கோல், ஷாட். என் தங்கை மகளுக்கு அந்த ஆட்டத்தில் நாலு கிளிப் வந்தது. அதில் இரண்டு, பந்து அவள் காலில் பட்டு வெளியே போனது. அவளை நகரவிடாமல் நிறுத்தி வைத்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. மாமனாக எனக்கு லாபம்தான். இப்படிப் பொறுக்கினால் ஐந்து வருஷத்தில் நம்மிடம் பேக் ஆட ஆள் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது அதன் 9ஆம் பிரிவு. நம் வீட்டுக்குள் பார்த்துக்கொள்வதை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் செயலி படத்தை எங்கோ ஒரு சர்வருக்கு ஏற்றி, ஜெர்சி எண்ணை வைத்து ஆளை அடையாளம் கண்டு, கிளிப் வெட்டும்போது அது வீட்டு விஷயமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சட்டத்துக்கு முன்னாலேயே ஊர் இருக்கிறது. அரை டவுசரோடு பிள்ளை ஓடுவதை யூட்யூபில் பார்த்த ஒரு பெரியப்பா போதும், அடுத்த வாரம் அவள் வர மாட்டாள். அதனால் கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குழுவைத் தாண்டி எதுவும் போகக் கூடாது, சர்வரில் ஏற்றும் வசதியை அணைத்து வை.

போன ஞாயிறு ராஜபாளையத்தில் மேட்ச். கருவியை எடுத்துப் போகவில்லை. மைதானத்தை ஒட்டிய பள்ளிக் கட்டடத்தின் முதல் மாடி வராந்தாவில், கம்பியோடு சேர்த்துப் போனைக் கயிற்றால் கட்டினேன். அகலக் கோணம், திருப்பமும் இல்லை, துரத்தலும் இல்லை. இரண்டு கோல் போஸ்டும் சட்டத்துக்குள். நடுவே ஒரு தூண் கொஞ்சம் மறைத்தது. ஆட்கள் சோற்றுப் பருக்கை அளவு. கோல் விழுந்ததையே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி கை தட்டிய சத்தத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோச்சும் நானும் அதைப் போட்டுப் பார்த்தபோது, ராஜபாளையத்து லெஃப்ட் பேக் ஒவ்வொரு முறையும் தன் கோல் கீப்பரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இடம் மாறுகிறாள் என்பது தெரிந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லித்தரவில்லையாம்.

ராத்திரி அதே நேரத்துக்கு அவள் அப்பா கூப்பிட்டார்.

"பாத்துட்டேன் சார். வெரல வச்சுப் பெருசாக்கிப் பாத்தேன். அந்த மூலையிலதான நிக்கிறா? மொத்த மேட்சும் இருக்கா."

"ஆமாண்ணே."

"ரொம்ப தூரமா இருக்கே சார், மூஞ்சியே தெரியல. அடுத்த தடவ கொஞ்சம் கிட்ட வச்சு எடுங்க."