அழகான அடுப்படி, ஆடாத படகு

யூட்யூபில் ஒரு வகை வீடியோ உண்டு. நாற்பது வருஷப் பழைய மோட்டார் யாட் ஒன்றுக்குள் கேமரா நுழையும். பழுப்பேறிய தேக்கு, மங்கிய வார்னிஷ், மஞ்சளடித்த ஃபார்மைக்கா மேடை, பின்னணியில் சோகமான பியானோ. பதினைந்து நிமிஷத்தில் அதே இடம் வெள்ளை வெளேரென்று மின்னும். குவார்ட்ஸ் கல் மேடை, கைப்பிடி இல்லாத கதவுகள், ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் எல்லா வீடியோவிலும் கட்டாயம் இருக்கும்.

இந்த வகையைப் பற்றி ஒரு விமர்சனம் எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைப்பு. தள்ளிப்போட்டதற்குக் காரணம், அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. படகின் சமையலறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'கேலி' என்று வருகிறது. நான் எழுதப்போவதைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான், ஆனாலும் அடுப்படி என்றே எழுதுகிறேன்.

சியாட்டிலில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரிடம் 1978-ல் கட்டிய கிராண்ட் பேங்க்ஸ் 42 ஒன்று இருக்கிறது. இந்தப் படகுகளின் கதை சுவாரசியமானது. ஹாங்காங்கில் அமெரிக்கன் மரைன் என்ற நிறுவனம் 1960-களின் நடுவில் இவற்றைக் கட்ட ஆரம்பித்தது, பிறகு சிங்கப்பூரிலும் யார்டு திறந்தது. மீன்பிடிப் படகின் சாயலில் நிமிர்ந்த முகப்பு, நிதானமான வேகம். ஆரம்பத்தில் முழுக்க மரம். 1973-ல் வெளிக்கூட்டை ஃபைபர்கிளாஸுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது ஒரு வேலை செய்தார்கள்: மரப் பலகைகளின் இணைப்புக் கோடுகளை ஃபைபர்கிளாஸ் அச்சிலேயே பதித்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் மரப் படகு மாதிரியே தெரியும். அதை ஏமாற்று என்றும் சொல்லலாம், மரியாதை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் தோன்றும், ஏனென்றால் உள்ளே இருக்கும் தேக்கு நிஜமான தச்சர்கள் செய்தது.

நண்பர் படகை வாங்கிய வருஷம், வார இறுதிகளில் போய் உதவி செய்தேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது. உப்புத்தாள் போடத் தெரியும், திருகு கழற்றத் தெரியும், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அந்த வீடியோக்களை நிறையப் பார்த்திருந்தோம். அடுப்பைச் சுற்றியும் மேடையின் விளிம்பிலும் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு தேக்குச் சட்டம் ஓடியது. பார்க்கப் பழசாக இருந்தது, துடைக்கும்போது துணி மாட்டியது. "இதை எடுத்துட்டா எவ்ளோ க்ளீனா இருக்கும்" என்று சொன்னது நான்தான். எடுத்ததும் நான்தான். மேடை இழைத்த மாதிரி இருந்தது. போட்டோ எடுத்தோம். எலுமிச்சம்பழமும் வைத்தோம்.

அடுத்த கோடையில் போர்ட் டவுன்ஸெண்ட் பக்கம் போனோம். பியூஜெட் சவுண்ட் கடலோடு சேரும் அந்தக் கழுத்துக்கு அட்மிரால்ட்டி இன்லெட் என்று பெயர். வடிகிற ஓதம் ஒரு பக்கம் இழுக்க, வடமேற்குக் காற்று எதிர்ப்பக்கம் தள்ள, அங்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். பெரிய புயல் ஒன்றுமில்லை. வானம் நீலமாகத்தான் இருந்தது. நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். படகு பக்கவாட்டில் ஒரு தடவை உருண்டது, பாத்திரம் அப்படியே நழுவியது. தடுக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற நண்பரின் வலது பாதத்தில் முழுக்கக் கொட்டியது. கரைக்கு வந்து மருத்துவரைப் பார்க்க மூன்று மணி நேரம் ஆனது. புண் ஆற ஆறு வாரம். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. பாதம் தப்புமா என்றுகூட ஒரு கட்டத்தில் பேசினார்கள்.

நான் கழற்றிப் போட்ட அந்தச் சட்டம் எதற்காக இருந்தது என்று அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பாத்திரத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. நல்ல தச்சர் அதன் மூலைகளைச் சேர்க்க மாட்டார், ஒரு விரல் இடைவெளி விடுவார். துடைக்கும்போது ரொட்டித் துகளும் தண்ணீரும் அந்த இடைவெளி வழியாக வெளியே வரும். நாங்கள் "பழைய படகு, மூலை சரியாகச் சேரவில்லை" என்று சிரித்த இடம் அதுதான்.

ஒன்றைப் பார்த்ததும் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. டிராயரை நேராக இழுத்தால் வராது, சற்றுத் தூக்கி இழுக்க வேண்டும். அடிப்பலகையில் ஒரு வெட்டு முன்சட்டத்தில் உட்கார்ந்திருப்பதால், படகு சாய்ந்தால் டிராயர் தானாகத் திறக்காது. அலமாரிக் கதவுகளில் பட்டை பட்டையாக இடைவெளி இருப்பது காற்றோட்டத்துக்கு. மூடிய பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். திருகின் தலைக்கு மேல் சின்ன வட்ட மரத் தக்கை வைத்து, அதன் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி பொருத்தியிருப்பார்கள். அந்தத் தக்கையைக் கெட்டிப் பசையால் ஒட்டாமல் வார்னிஷாலேயே உட்கார வைப்பது பழைய வழக்கம். நாளைக்கு இன்னொருத்தர் கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துச் செய்த வேலை அது. என் தொழிலில் இருபது வருஷத்தில் நான் பார்த்த எத்தனையோ கோடில் இந்த நினைப்பு இருந்ததில்லை, என்னுடையதையும் சேர்த்து.

அந்த வீடியோக்களின் மேல் என் முதல் குற்றச்சாட்டு இதிலிருந்து வருகிறது. அவை படகை எப்போதும் நிற்கிற படகாகவே காட்டுகின்றன. கேமரா ஆடாத துறைமுகத்தில், கரண்ட் கரையிலிருந்து வரும்போது எடுத்த படம். அந்த அடுப்படி பதினைந்து டிகிரி சாய்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. வீட்டுக் கிச்சனுக்கான அளவுகோலை வைத்துப் படகின் அடுப்படிக்கு மார்க் போடுகிறார்கள்.

இரண்டாவது, பெயின்ட். இதில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் "தேக்கில் பெயின்ட் அடிப்பது பாவம்" என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. நாலு பக்கமும் தேக்கு, கூரை தாழ்வு, வெளியே சியாட்டிலின் நவம்பர் மாதம். குகைக்குள் இருக்கிற மாதிரிதான் இருக்கும். வெள்ளை அடிப்பது புது மோகமும் இல்லை. ரோட் ஐலண்டின் பிரிஸ்டலில் நதானியல் ஹெரஷாஃப் யாட் கட்டிய காலத்திலிருந்தே, பலகைகளுக்கு வெள்ளை, விளிம்புச் சட்டங்களுக்கு மட்டும் வார்னிஷ் போட்ட மரம் என்ற பாணி அமெரிக்காவில் இருக்கிறது, இன்றைக்கும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். கை படுகிற, இடிபடுகிற இடத்தில் மரம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளை. அழகும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

என் பிரச்சினை நிறத்தில் இல்லை, எதன் மேல் அடிக்கிறார்கள் என்பதில். இந்தத் தலைமுறைப் படகுகளுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. மேல்தளத்தில் தேக்குப் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகுகளால் ஃபைபர்கிளாஸ் மேல் பதித்திருப்பார்கள், ஜன்னல் சட்டங்களும் மரம். காலப்போக்கில் அந்த வழியெல்லாம் தண்ணீர் இறங்கும். இறங்குகிற தண்ணீர் உள்ளே ஜன்னலுக்குக் கீழே தேக்கு வெனீரில் கறுப்புக் கறையாகத் தெரியும். அந்தக் கறைதான் படகு எழுதி வைக்கிற எரர் லாக். முதலில் கசிவை அடைத்து, பலகை காய்ந்த பிறகு ஆக்ஸாலிக் அமிலம் தடவினால் கறை பெரும்பாலும் போய்விடும். வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் உப்புத்தாளை ரொம்பத் தேய்க்கக் கூடாது.

வீடியோவில் என்ன செய்கிறார்கள்? பட்டி பார்த்து, தேக்கின் எண்ணெய் மேலே ஊறி வராதபடி அரக்கு கலந்த பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் வெள்ளை. அதாவது லாக்கை அழித்துவிட்டு பக் சரியாகிவிட்டது என்று ரிப்போர்ட் கொடுப்பது. நாங்களும் ஒரு ஜன்னலுக்குக் கீழே அப்படியே அடித்தோம். ஒன்றரை வருஷம் கழித்து பெயின்ட் கொப்புளம் போட்டது. விரலால் அழுத்தினேன், பின்னாலிருந்த பிளைவுட் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. கறை கண்ணுக்குத் தெரிந்திருந்தால் முதல் மழையிலேயே பிடித்திருப்போம்.

தரையைப் பற்றியும் இதேதான். சலூனில் தேக்குப் பார்க்கெட் தரைக்கு அடியில்தான் எஞ்சின் இருக்கிறது, தூக்கித் திறக்கிற பலகைகள் உண்டு. அதன் மேல் முழு நீளத்துக்கு வினைல் ஒட்டிவிட்டு "ஒரே தரை மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று பெருமைப்படும் ஒரு வீடியோவைப் பார்த்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். மனைவி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. கல் மேடை கனம் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டேன்: 20 மில்லிமீட்டர் குவார்ட்ஸ், சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள படகில் அது பெரிய விஷயமே இல்லை, ஒரு ஆள் கூட ஏறின மாதிரி. இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். புரொப்பேன் காற்றை விடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். ஆனால் 1800 வாட் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு விரல் தடிமன் கேபிளும் சரியான ஃபியூஸும் வேண்டும். நல்ல வீடியோக்கள் சில இதைக் காட்டுகின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் குறைவு, கேபிளில் எலுமிச்சம்பழம் வைக்க முடியாது.

கடைசியாக, பிய்த்து எடுத்த தேக்கு எங்கே போகிறது? பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்கு. தேக்கு என்ற நம் சொல்தான் போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தரத்து மரத்தை இன்று நியாயமாக வாங்குவது கஷ்டம். ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரின் அரசு மர நிறுவனத்தின் மேல் 2021 ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அப்படியும் யாட் தொழிலுக்கு அந்த மரத்தின் ஆசை போகவில்லை. மியான்மர் தேக்கு வந்த வழியைச் சரியாக விசாரிக்காமல் இறக்குமதி செய்ததற்காக 2024-ல் பிரிட்டனின் சன்ஸீக்கர் நிறுவனத்துக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. காடு ஏற்கெனவே கொடுத்துவிட்ட மரம் பழைய படகில் இருக்கிறது. அதைத் தொட்டியில் வீசிவிட்டு, புதுத் தேக்குக்கு ஆர்டர் கொடுக்கிறவர்களும் உண்டு.

எங்கள் அதிர்ஷ்டம், நண்பர் எதையும் தூக்கிப் போடாத ஆள். நான் கழற்றிய சட்டங்களை கராஜில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்தார். போன மார்ச்சில் மறுபடி பொருத்தினோம். அசிட்டோனால் எண்ணெய் துடைத்தோம், ஆறு கோட் வார்னிஷ் போட்டோம், மூலையில் அந்த ஒரு விரல் இடைவெளியை விட்டோம். துணி இன்னும் மாட்டுகிறது. ஜன்னலுக்குக் கீழே புதுப் பலகைக்கு பெயின்ட் அடிக்கவில்லை. மழை பெய்த மறுநாள் அவர் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு போட்டோ அனுப்புவார். போன வாரம் அனுப்பியதில் இடது மூலையில் நகக்கண் அளவு கறுப்பு.