பத்து குமிழ்களும் ஒரு ழகரமும்

வின்ஆம்ப் காலத்திலிருந்து இன்றைய செல்போன் வரை மாறாத ஒரு பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. புது ஹெட்போன் வாங்கியதும் கிராஃபிக் ஈக்வலைஸரைத் திறப்பார்கள். வரிசையாகப் பத்து குமிழ்கள். இடது ஓரத்தில் இருப்பதைத் தூக்கு, வலது ஓரத்தையும் தூக்கு, நடுவை இறக்கு. திரையில் ஒரு சிரித்த வாய் தெரியும். 'எப்படி அதிருது பாருங்க' என்று பக்கத்து சீட்காரர் காதில் ஒன்றை மாட்டிவிடுவார்கள்.

அதிரத்தான் செய்கிறது. பாட்டுதான் காணாமல் போய்விடுகிறது.

ஈக்வலைஸர் என்றாலே 'சமன் செய்வது' என்றுதான் அர்த்தம். டெலிபோன் கம்பியில் தூரம் போகப் போகக் குரலின் உயர்ந்த அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். அதை ஈடுகட்ட வந்த சர்க்யூட் இது. குறையைச் சரிக்கட்ட வந்த ஆசாமியை வைத்து, நன்றாக இருப்பதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்து குமிழ் என்றால் வழக்கமாக 31 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 62, 125, 250 என்று இரட்டித்துக்கொண்டே 16,000 வரை போகும். ஓரங்களில் இருப்பது அதிர்வும் பளபளப்பும். சாரம் முழுக்க நடுவில். அதிலும் தமிழுக்குத் தனி நஷ்டம். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய உதவும் முக்கியமான கூறுகள் சுமார் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. சிரித்த வாய் பள்ளமாக இறங்குவதும் சரியாக அங்கேதான். பேச்சில் ழகரத்தைப் படுத்துகிற பாடு போதாதென்று, பாட்டிலும் அமுக்குகிறோம்.

'ரெட்டை வால் குருவி'யில் (1987) வரும் 'ராஜராஜ சோழன் நான்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யேசுதாஸ் குரலுக்குக் கீழே பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டே போகும். அதைக் கேட்கத்தான் பேஸைத் தூக்குகிறேன் என்பார்கள். சாதாரண பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரமே 41 ஹெர்ட்ஸ். 31-ஐத் தூக்கினால் கிடைப்பது பெரும்பாலும் வெறும் உறுமல். விரல் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பவை, அதற்கு மேலே சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கும் கிளை ஒலிகள். கேட்க ஆசைப்பட்டதை நாமே மூடிவிடுகிறோம். சோழனும் மங்கிப்போகிறான்.

சரி, கம்பெனிக்காரர்களே தயாராக வைத்திருக்கும் ராக், ஜாஸ், பாப், கிளாஸிக்கல்? ஐபோனில் 'லத்தீன்' கூட உண்டு. எல்லா ராக் பாட்டும் ஒரே மாதிரியா பதிவாகிறது? ஒரே ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பவர் கண்ணாடி கொடுப்பதுபோல்தான் இது.

பி.காம். படித்தவனுக்கு இன்னொன்றும் புரிகிறது. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல்தான் உச்சவரம்பு. ஏற்கெனவே அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் பாட்டில் 6 டெசிபல் கூட்டினால் அது ஓவர்டிராஃப்ட். வங்கியாவது வட்டி கேட்டுக் கடன் கொடுக்கும். இங்கே அலையின் தலையைச் சீவிவிடுவார்கள். அந்தக் கரகரப்பைத்தான் 'பஞ்ச்' என்று நினைத்துக்கொள்கிறோம். கூட்டியே ஆகவேண்டுமென்றால், ப்ரீஆம்ப் குமிழை அதே அளவு இறக்கிவிட வேண்டும்.

காதுக்கும் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 ஆனால் வெறும் 4 மணி.

ஈக்வலைஸரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாகக் கேட்கும்போது காது தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ராத்திரி சன்னமாகக் கேட்கிறவர் பேஸைக் கொஞ்சம் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. காதுக்குள் செருகும் ரகத்தில் பேஸ் வரவில்லையென்றால் முதலில் ரப்பரை மாற்றிப் பாருங்கள். காது சரியாக அடைபடாவிட்டால் எந்தக் குமிழும் உதவாது. மலிவு ஹெட்போன் குடத்துக்குள் பாடுவதுபோல் இருந்தால் 125, 250-ஐ இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பதே பெரும்பாலும் வைத்தியம்.

கடைசியாக ஒரு சோதனை. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை 'நல்ல ஒலி' என்று நம்பிவிடும். கடைக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம். ஆகவே ஈக்வலைஸரை அணைத்துவிட்டு, வால்யூமை முன்பிருந்த அளவுக்கு ஏற்றி, அதே பாட்டை மறுபடி கேளுங்கள். இரண்டு நாள் சப்பென்று இருக்கும். மூன்றாம் நாள், இத்தனை வருஷம் பின்னால் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தது தெரியவரும்.