சுமப்பவரும் கேட்பவரும்: வியட்நாம் போர்ப் புனைவுகள் இரண்டில் போர்வீரரின் மனச்சுமை

ஆய்வுச்சுருக்கம்

வியட்நாம் போரின் இரு எதிர்ப்பக்கங்களிலும் நின்று போரிட்ட இருவர் படைத்தவை டிம் ஓ’பிரையனின் ‘அவர்கள் சுமந்தவை’, பாவ் நின்னின் ‘போரின் துயரம்’ ஆகிய புனைவுகள். போர்க்களத்திலும் போருக்குப் பின்னும் வீரர் சுமக்கும் மனச்சுமையை இவ்விரு படைப்புகளும் எவ்வாறு சித்திரிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கின்றது. கதைசொல்லல் வீரரின் உள்ளக்காயத்தை ஆற்றுகிறது என்னும் பரவலான வாசிப்பை மறுத்து, கேட்பவர் இல்லாத இடத்தில் சொல்லும் சுமையாகிவிடுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவுகின்றது.

திறவுச்சொற்கள்: போர்ப்புனைவு, மனச்சுமை, நாணம், குற்றவுணர்வு, கேட்பவர், வியட்நாம் போர்.

முன்னுரை

போர் முடிந்த நாளை வரலாறு குறித்து வைக்கிறது. வியட்நாமில் அந்நாள் 1975 ஏப்ரல் 30. ஆனால் களத்திலிருந்து மீண்டவனுக்கு அத்தகைய நாள் ஒன்று வாய்ப்பதில்லை என்பதே போர்ப்புனைவுகள் பலவற்றின் அடிப்படைப் பொருளாகும். 1946இல் பிறந்த ஓ’பிரையன், 1969–70 காலத்தில் குவாங் ங்காய் மாகாணத்தில் அமெரிக்கக் காலாட்படையில் பணியாற்றியவர். 1952இல் பிறந்த பாவ் நின் வட வியட்நாமியப் படையில் போரிட்டவர். முன்னவரின் நூல் 1990இல் வெளிவந்தது. பின்னவரின் நாவலும் ஏறத்தாழ அதே காலத்தில், முதலில் ‘காதலின் விதி’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. தோற்ற நாட்டின் வீரனும் வென்ற நாட்டின் வீரனும் ஒரே சுமையைச் சுமக்கின்றனரா என்னும் வினாவை இவ்விரு நூல்களும் ஒருங்கே எழுப்புகின்றன.

எடையும் எடையின்மையும்

‘அவர்கள் சுமந்தவை’ ஒன்றோடொன்று தொடர்புடைய 22 கதைகளைக் கொண்டது. தலைப்புக் கதை, படைத்தளவாடக் கிடங்கின் இருப்புப் பட்டியலைப் போல நகர்கிறது. தலைக்கவசம் 5 பவுண்டு, இயந்திரத் துப்பாக்கி 23 பவுண்டு, வானொலிக் கருவி 26 பவுண்டு என ஒவ்வொன்றின் எடையும் கணக்கிடப்படுகிறது. படைத்தலைவன் ஜிம்மி கிராஸ் சுமக்கும் மார்த்தாவின் கடிதங்களும் 10 அவுன்ஸ் என்று அதே பட்டியலில் இடம்பெறுகின்றன. அளக்கத்தக்கவற்றை இவ்வளவு துல்லியமாக அளப்பதன் வழியாகவே, அளக்கவியலாதவற்றை ஆசிரியர் உணர்த்துகிறார். டெட் லாவெண்டர் சுட்டுக் கொல்லப்படும்போது கிராஸின் எண்ணம் மார்த்தாவிடம் இருந்தது. மறுநாள் அவன் கடிதங்களை எரித்துவிடுகிறான். பட்டியலிலிருந்து 10 அவுன்ஸ் குறைகிறது. ஆயினும் லாவெண்டரின் சாவு அவனை விட்டு அகலவில்லை. போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் அச்சாவுக்காகத் தன்னை மன்னிக்க முடியவில்லை என்று அவன் கூறுவதை அடுத்த கதை காட்டுகிறது.

இந்நூலில் வீரரை இயக்குவது துணிவோ நாட்டுப்பற்றோ அன்று, நாணமே ஆகும். ‘மழையாற்றின் மீது’ என்னும் கதையில், 1968இல் கட்டாயப் படைச்சேர்ப்பு ஆணை பெற்ற இளைஞன் கனடா எல்லை வரை சென்றும் ஆற்றைக் கடக்கவில்லை. ஊரார் பழிப்பர் என்னும் எண்ணமே அவனைத் திருப்புகிறது. போருக்குச் செல்வதே தன் கோழைத்தனம் என அவன் உணர்கிறான். வீரத்துக்கும் கோழைத்தனத்துக்கும் மரபாக வகுக்கப்பட்ட எல்லைக்கோடு இங்குத் தலைகீழாகிறது. களத்தில் அச்சத்தை மறைக்கும் நகைப்பும் முரட்டுப் பேச்சும் இந்நாணத்தின் வெளித்தோற்றங்களே.

தப்பிப் பிழைத்தவனின் கடன்

‘போரின் துயரம்’ நாவலின் தலைமை மாந்தன் கியென் சுமக்கும் சுமை வேறு தன்மையது. அவனது 27ஆம் படைப்பிரிவு 1969இல் அழிக்கப்பட, பதின்மர் மட்டுமே எஞ்சினர். போர் முடிந்தபின் அவனுக்கு வாய்க்கும் பணி, அதே காட்டில் இறந்தோரின் எச்சங்களைத் தேடிச் சேகரிப்பது. ஓ’பிரையனின் வீரர்கள் பொருள்களைச் சுமக்கின்றனர். கியென் எலும்புகளைச் சுமக்கிறான். அவனது நினைவில் உறையும் காட்சிகளுள் ஹோவாவின் முடிவு முதன்மையானது. தேடுதல் நாயுடன் நெருங்கிய எதிரிப்படையைத் தன்பால் ஈர்த்து, காயமுற்றோரைக் காக்கிறாள் அவள். மறைந்திருந்து காணும் கியெனால் அவளைக் காக்க இயலவில்லை. அவன் வெளிப்பட்டிருந்தால் அவளது ஈகமே வீணாகியிருக்கும். செய்யத்தக்கதைச் செய்தும் குற்றவுணர்வு எஞ்சும் இந்நிலையே அவனது உயிரைத் தீராக் கடனாக்குகிறது.

வெற்றியும் இக்கடனைத் தீர்க்கவில்லை. வென்ற படையின் வீரர் இரயிலில் ஊர் திரும்பும் பகுதியில் வரவேற்பின் ஆரவாரம் இல்லை. வெற்றியைக் கொண்டாடும் பொதுமொழியில் இறந்தோர் தியாகிகள் ஆகின்றனர். அழுகிய உடல்களுக்கும் சிதைந்த காதலுக்கும் அம்மொழியில் இடமில்லை. கியெனும் இளமைக் காதலி ஃபுவாங்கும் மீண்டும் ஒன்றுசேர்ந்தும் வாழ முடியாமற்போவது, போர் பெண்ணின் உடலிலும் நிகழ்ந்தது என்பதை அவ்விருவராலும் கடக்க இயலாமையின் விளைவாகும்.

கேட்பவரின் இன்மை

ஓ’பிரையனின் ‘துணிவைப் பற்றிப் பேசுதல்’ கதையில், ஊர் திரும்பிய நார்மன் பவுக்கர், அமெரிக்க விடுதலை நாளன்று ஏரியைச் சுற்றிச் சுற்றிக் காரோட்டுகிறான். ஏழு பதக்கங்கள் பெற்ற அவனுக்கு, சேற்றுவயலில் மூழ்கி இறந்த நண்பன் கியோவாவைப் பற்றிச் சொல்ல ஒருவருமில்லை. தந்தையிடமும் பழைய காதலியிடமும் சொல்வதாகக் கற்பனை மட்டுமே செய்கிறான். உணவகத்தின் ஒலிபெருக்கியில் வரும் முகமறியாக் குரல் ஒன்றே அவனிடம் அக்கறையுடன் பேச முன்வருகிறது. அப்போதும் அவனுக்குச் சொல் எழவில்லை.

அடுத்து வரும் ‘குறிப்புகள்’ இக்கதையின் பொருளையே மாற்றுகிறது. 1975இல் பவுக்கர் 17 பக்கக் கடிதம் எழுதித் தன் கதையை எழுதுமாறு கதைசொல்லியை வேண்டுகிறான். எழுதப்பட்ட முதல் வடிவத்தில் சேற்றுவயலும் கியோவாவின் சாவும் இடம்பெறவில்லை. 1978இல் பவுக்கர் தூக்கிட்டு இறக்கிறான். போருக்குப் பிந்தைய மனவடு நோய்க்கு அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடு 1980இல்தான் பெயரளித்தது; பெயர் பெறுவதற்கு முன்பே பவுக்கர் அந்நோய்க்கு இரையாகிவிடுகிறான். திருத்திய கதை அவன் இறந்த பின்னரே உருப்பெறுகிறது. அதுமட்டுமன்று, கியோவாவைக் கைவிட்ட தவறு பவுக்கருடையதன்று, தன்னுடையது எனக் கதைசொல்லி வெளிப்படுத்துகிறான். எனவே கதைசொல்லல் ஒருவனை வாழவைத்தது உண்மையெனினும், கேட்கத் தவறியதால் மற்றொருவன் இறந்ததும் உண்மையாகும். இந்நூலை ஆறுதலின் சான்றாக மட்டும் வாசிப்போர் இப்பகுதியைக் கடந்து செல்கின்றனர்.

பாவ் நின்னின் நாவலிலும் கேட்பவர் இடம் இதே சிக்கலுக்கு உட்பட்டது. இரவுகளில் கியென் தன் நினைவுகளைக் கொட்டுவது வாய்பேச இயலாத பெண் ஒருத்தியிடம். அவள் மறுமொழி தரமாட்டாள். ஆனால் அவன் விட்டுச்சென்ற தாள்களைக் காப்பவள் அவளே. வரிசை குலைந்த அத்தாள்கள் பின்னர் மற்றொரு கதைசொல்லியின் கைக்கு வருகின்றன. நாவலின் சிதறிய காலவரிசை வெறும் உத்தியன்று. ஒருவனது சுமை கைமாறியதன் தடயமாகும்.

எதிரியின் முகம்

கேட்டல் பற்றிய இவ்வினாவை ஓ’பிரையனின் நூல்மீதே திருப்பவும் இடமுண்டு. ‘நான் கொன்ற மனிதன்’ கதையில், கொல்லப்பட்ட வியட்நாமிய இளைஞனுக்குக் கதைசொல்லி ஒரு வாழ்க்கையைக் கற்பிக்கிறான்: கணிதம் விரும்பியவன், போரை அஞ்சியவன், குடும்பத்துக்கு இழுக்கு நேருமோ என்று நாணியவன். இது பரிவின் உச்சம் எனலாம். ஆயினும் அவ்விளைஞன் கதைசொல்லியின் நிழலாகவே அமைகிறான். அவனுக்கெனத் தனிக்குரல் இல்லை. அக்குரலைக் கேட்க வாசகர் பாவ் நின்னிடமே செல்ல வேண்டியுள்ளது. இவ்விரு நூல்களையும் இணைத்து வாசிப்பதன் தேவை இங்குப் புலனாகிறது.

முடிவுரை

ஓ’பிரையனின் வீரர்களை அழுத்துவது நாணம். கியெனை அழுத்துவது தப்பிப் பிழைத்த குற்றவுணர்வு. தோல்வியுற்ற நாடு கேட்க விரும்பவில்லை. வெற்றிபெற்ற நாடு வெற்றியை மட்டுமே கேட்க விரும்பியது. ஆகவே மனச்சுமையின் கனத்தைத் தீர்மானிப்பது போரின் முடிவன்று, அதைச் செவிமடுக்கும் சமூக வெளி உண்டா என்பதே எனக் கொள்ளலாம். கதை காயத்தை ஆற்றும் என்று இரு படைப்பாளரும் உறுதி கூறவில்லை. சுமையை இறக்கி வைக்க ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பதையும், அவர் வரத் தாழ்த்தினால் நேரும் இழப்பையுமே அவர்கள் காட்டுகின்றனர். போர்ப்புனைவு ஆய்வுகள் சுமப்பவரின் உளநிலையோடு நின்றுவிடாமல், பனுவலுக்குள் கேட்பவர் பெறும் இடத்தையும் கருத்திற்கொள்வது பயன்தரும்.