முக்கோணம் என்றால் சமோசாவா? – வடிவங்கள் சார்ட் பற்றி ஒரு விமர்சனம்

எல்கேஜி வகுப்புச் சுவரில், ஸ்டேஷனரி கடையில், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக் கதவின் பின்னால் என்று எங்கும் தொங்கும் ஒரு சார்ட் உண்டு. மேலே ‘வடிவங்கள்’ என்று தலைப்பு. கீழே சிவப்பில் வட்டம், நீலத்தில் சதுரம், பச்சையில் முக்கோணம், மஞ்சளில் செவ்வகம். பக்கத்தில் பந்து, சமோசா, கதவு என்று உதாரணப் படங்கள். குழந்தை படிக்கும் முதல் வடிவியல் புத்தகமே இதுதான். ஆனாலும் இதை யாரும் ஒரு புத்தகத்தைப் போல எடுத்துவைத்து விமர்சிப்பதில்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமே.

முதலில் அந்த முக்கோணம். மூன்று பக்கமும் சமம், அடிப்பக்கம் தரையில், கூர்முனை மேலே. பெரும்பாலும் எந்த சார்ட்டை எடுத்தாலும் இதே முக்கோணம்தான். ஒல்லியானது இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்தது இல்லை, தலைகீழாக நிற்பது இல்லை. இதைப் பார்க்கும் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? ‘மூணு நேர்கோடு சேர்ந்து மூடியிருந்தா முக்கோணம்’ என்றா? இல்லைங்க. ‘கூடாரம் மாதிரி இருந்தா முக்கோணம்’ என்றுதான். அதனால்தான் ஓரம் வளைந்த சமோசா முக்கோணமாகிவிடுகிறது, தலைகீழ் முக்கோணம் ‘தப்பு’ ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் நம் மொழியில் பெயரிலேயே இலக்கணம் இருக்கிறது: மூன்று கோணம். சார்ட் அந்தப் பெயரை எழுதுகிறது, ஆனால் எண்ணிப் பார்க்கச் சொல்வதில்லை.

இது வெறும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் டக்ளஸ் கிளமென்ட்ஸும் சக ஆய்வாளர்களும் சின்னக் குழந்தைகளிடம் பல வடிவங்கள் கலந்த தாள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான ஆய்வு. வட்டத்தைக் கண்டுபிடிப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் சரி, சதுரத்தில் 80க்கு மேல். முக்கோணத்தில் அது சுமார் 60 ஆகவும், செவ்வகத்தில் 54 ஆகவும் இறங்கிவிட்டது. எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. வட்டத்தை எப்படித் திருப்பினாலும் அதே வட்டம், அளவு மட்டும்தான் மாறும். முக்கோணத்துக்கோ கணக்கில்லாத முகங்கள். நாம் காட்டுவது ஒரே ஒரு முகம்.

அடுத்து சதுரமும் செவ்வகமும். சார்ட்டில் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல நிற்கின்றன. ‘நீளமா இருந்தா செவ்வகம்’ என்று நாமும் சொல்லிவிடுகிறோம். செவ்வகம் என்ற சொல்லில் நீளம் எங்கே இருக்கிறது? நான்கு மூலையும் செங்கோணம், அவ்வளவுதான் விதி. அந்த விதிப்படி சதுரமும் செவ்வகம்தான். ஆனால் ‘செவ்வகத்துக்கு வண்ணம் தீட்டு’ என்ற ஒர்க்‌ஷீட்டில் ஒரு குழந்தை சதுரத்துக்கும் வண்ணம் தீட்டினால் என்ன கிடைக்கும்? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதே குழந்தைக்கு மேல் வகுப்பில் ‘எல்லாச் சதுரமும் செவ்வகமே’ என்று பாடம் நடத்துவோம். புரியலைன்னா, ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்போம். சரியாகச் சொன்ன குழந்தையைத் தவறு என்று பழக்கியது யார்?

மூன்றாவது சிக்கல் தமிழுக்கே உரியது. சார்ட்டில் ‘டைமண்ட்’ என்று ஒன்று இருக்கும், தமிழில் சாய்சதுரம். அதற்குத் தேவை நான்கு சம பக்கங்கள். சாய்ந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் பெயரைக் கேட்கும் குழந்தை ‘சதுரத்தைச் சாய்ச்சா சாய்சதுரம்’ என்று எடுத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? ஒரு சதுரத் தாளை மூலை மேலே வரும்படி திருப்பிப் பிடித்துக் காட்டுங்கள். ‘இப்ப இது சதுரம் இல்ல’ என்று அடித்துச் சொல்லும் குழந்தைகள் நிறைய. திருப்பினால் பொருள் மாறாது என்பதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம். சார்ட்டோ அசையாமல் தொங்குகிறது.

சார்ட்டுக்காக வாதாடுபவர்கள் ஒன்று சொல்லலாம்: ‘சின்னப் பசங்க சார், முதல்ல எளிமையாத்தானே ஆரம்பிக்கணும்?’ நியாயம்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதி பியர் வான் ஹீலியும் டீனா வான் ஹீலியும் 1957இல் தங்கள் ஆய்வேடுகளில் சொன்னதும் இதை ஒட்டியதே. குழந்தை முதலில் வடிவத்தை மொத்தத் தோற்றமாகவே அடையாளம் காண்கிறது. பக்கம், கோணம் என்று பண்புகளைப் பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. முதல் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் அடுத்த படிக்குப் போவது வயதால் தானாக நடப்பதில்லை, கற்பிக்கும் விதத்தைப் பொறுத்தது என்பதும் அவர்கள் வாதம்தான். அதை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம்.

எளிமை வேறு, வறுமை வேறு. மரியா மாண்டிசோரியின் வடிவப் பெட்டியைப் பாருங்கள். அதுவும் சின்னக் குழந்தைகளுக்கானதுதான். ஓர் இழுப்பறை முழுக்க விதவிதமான முக்கோணங்கள். இன்னொன்றில் உயரம் மாறாமல் அகலம் மட்டும் படிப்படியாகக் குறையும் செவ்வகங்கள், அந்த வரிசையின் ஒரு முனையில் சதுரம். குழந்தை மரத்துண்டைக் கையில் எடுத்து, ஓரத்தை விரலால் தடவி, அதன் குழியில் பொருத்துகிறது. சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் உள்ள உறவை யாரும் வாயால் சொல்லவே வேண்டாம், அந்த வரிசையே காட்டிவிடும்.

அந்தப் பெட்டி விலை அதிகம், எல்லாப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது. பரவாயில்லை, பழைய காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் போதும். பத்துப் பன்னிரண்டு முக்கோணங்களைக் கண்டபடி வெட்டிப் போடுங்கள். கூடவே ஓரம் வளைந்தது ஒன்று, ஒரு முனை மழுங்கி நான்கு பக்கமானது ஒன்று என்று சில போலிகளையும் கலந்துவிடுங்கள். ‘இது என்ன?’ என்று கேட்பதைவிட ‘இது ஏன் முக்கோணம் இல்ல?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பெயர் தெரிந்தால் போதும். இரண்டாவதற்குக் குழந்தை எண்ண வேண்டும், தடவ வேண்டும், காரணம் சொல்ல வேண்டும்.

சார்ட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அந்தப் பச்சை முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒல்லியாய், கோணலாய், தலைகீழாய் இன்னும் மூன்று வரைந்துவிடுங்கள். சமோசாவை மட்டும் அடித்துவிடலாம். அது சாப்பிடத்தான் லாயக்கு.