சொல்லால் அளக்கும் வானொலி

பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் நடத்தும் வானொலி நிலையங்களுள் 'ரேடியோ 4' என்பது பேச்சுக்கென்றே அமைந்தது. அதுவரை 'ஹோம் சர்வீஸ்' என்று வழங்கிய நிலையத்தின் இடத்தில் 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அது வந்தது. பாட்டு மிகக் குறைவு. வணிக விளம்பரம் இல்லை. தொலைக்காட்சி வைத்திருப்போர் செலுத்தும் உரிமக் கட்டணமே பெரும்பாலும் அதன் வருவாய். செய்தி, உரை, நாடகம், விவாதம், வேளாண்மை, நகைச்சுவை என்று விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவு கடந்தும் அது பேசிக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலம் பழக விரும்பும் நம் மாணவர்கள் சிலர் இன்று இணையத்தின் வழியே இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இதுவரை கேட்டிராதவர்களுக்காகவும் இந்த நிலையத்தின் நாளொன்றை ஓர் இயற்பியல் ஆசிரியனின் செவிகொண்டு கேட்டுப் பார்ப்போம்.

வகுப்பில் எனக்குக் கரும்பலகை உண்டு. வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஒரு வரைபடம் போட்டுக் காட்டிவிடலாம். வானொலியில் பேசுபவருக்கு அந்த வசதி கிடையாது. எண், அலகு, மாறுபாடு, பிழையின் எல்லை ஆகிய அனைத்தையும் சொல்லே சுமக்க வேண்டும். அடுப்படியிலோ காரோட்டிக்கொண்டோ கேட்பவர் அதை ஒருமுறைதான் கேட்பார். அப்படியிருக்க, அளவுள்ள ஒரு செய்தியைச் சொல்லும்போது அந்த அளவு சிதையாமல் அவரிடம் போய்ச் சேருகிறதா? இந்தக் கேள்விக்கு ரேடியோ 4 ஒரே நாளில் இரண்டு விதமான விடைகளைத் தருகிறது.

முதல் விடை நள்ளிரவு கடந்து 12.48 மணிக்குக் கிடைக்கும். (பிரிட்டனின் கோடை நேரக் கணக்கில் நமக்கு அது காலை 5.18, குளிர்காலத்தில் 6.18.) கப்பல்களுக்கான வானிலை அறிக்கை அப்போது வாசிக்கப்படுகிறது. பிரிட்டனைச் சூழ்ந்த கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வைக்கிங் என்ற பகுதியில் தொடங்கி, ஏறத்தாழக் கடிகார முள் சுற்றும் திசையில் டாகர், ஜெர்மன் பைட், பிஸ்கே, ஃபாஸ்ட்நெட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒரு பகுதிக்குக் காற்றின் திசை, அதன் விசையெண், வானிலை, பார்வைத் தொலைவு என்ற வரிசை மாறாது. முழு அறிக்கையும் சுமார் 350 முதல் 380 சொற்களுக்குள் அடங்கிவிட வேண்டும். கப்பலே பார்த்திராத பலர் தூக்கம் வருவதற்கு இதைத் தாலாட்டாகக் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. எனக்கு இதில் பிடித்தது அதன் சொற்கள்.

அன்றாட வழக்கில் 'விரைவில்' என்பதற்கு என்ன பொருள்? 'இதோ விரைவில் வருகிறேன்' என்று சொல்லிப் போனவர் மறுநாள் வந்தாலும் நாம் குற்றம் சொல்வதில்லை. இந்த அறிக்கையில் அப்படி இல்லை. புயற்காற்று 'உடனடியாக' என்றால் எச்சரிக்கை விடுத்த நேரத்திலிருந்து 6 மணிக்குள். 'விரைவில்' என்றால் 6 முதல் 12 மணிக்குள். 'பின்னர்' என்றால் 12 மணிக்கு மேல். பார்வைத் தொலைவு 'நன்று' என்றால் 5 கடல் மைலுக்கு மேல். 'மிதம்' என்றால் 2 முதல் 5 கடல் மைல். 'மோசம்' என்றால் 1000 மீட்டர் முதல் 2 கடல் மைல். 'மிக மோசம்' என்றால் 1000 மீட்டருக்கும் குறைவு. காற்றின் திசை வலஞ்சுழியாக மாறுவதற்கு ஒரு சொல்லும், இடஞ்சுழியாக மாறுவதற்கு மற்றொரு சொல்லும் உள்ளன. பியூஃபோர்ட் அளவுகோலில் விசையெண் 8 என்றால் சராசரிக் காற்று வேகம் 34 முதல் 40 நாட். மணிக்குக் கிலோமீட்டரில் சொன்னால் 63 முதல் 74 வரை.

காற்றழுத்தமானியைப் பற்றிச் சொல்லும் இடம் இன்னும் சுவையானது. அழுத்தம் 'மெதுவாக ஏறுகிறது' என்றால், கடந்த 3 மணி நேரத்தில் 0.1 முதல் 1.5 மில்லிபார் வரை ஏறியிருக்கிறது. அடைமொழியே இல்லாமல் 'ஏறுகிறது' என்றால் 1.6 முதல் 3.5. 'வேகமாக' என்றால் 3.6 முதல் 6.0. 'மிக வேகமாக' என்றால் 6-க்கும் மேல். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே ஒரு வினையடை வகைக்கெழுவின் வேலையைச் செய்கிறது! நேரத்தைப் பொறுத்து அழுத்தம் மாறும் வீதம் ஒரு சொல்லுக்குள் அடங்கி, அலைமேல் ஆடும் படகில் பென்சிலுடன் காத்திருப்பவனிடம் அப்படியே போய்ச் சேருகிறது.

இந்த ஒழுங்கு உயிர்ச்சேதத்தில் பிறந்தது. 1859-இல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையருகே புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரிட்டனின் வானிலைத் துறையை 1854 முதல் தலைமையேற்று நடத்திய ராபர்ட் ஃபிட்ஸ்ராய், அதன் பிறகு 1861-இல் தந்தி வழியே துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். டார்வினை 'பீகிள்' கப்பலில் அழைத்துச் சென்ற தளபதியும் இவரே. 2002-இல் ஃபினிஸ்டெர் என்ற கடற்பகுதிக்கு இவர் பெயரைச் சூட்டினார்கள்.

ரேடியோ 4-இல் அளவு நேர்த்தியாக ஒலிக்கும் மற்றொன்று நேர அறிவிப்பு. 1924 பிப்ரவரி 5 முதல் பி.பி.சி. ஒலிபரப்பி வரும் ஆறு 'பிப்' ஒலிகளுள் முதல் ஐந்தும் 0.1 வினாடி நீளம். ஆறாவது அரை வினாடி. ஆறாவது ஒலி தொடங்கும் கணமே மணியின் கணம். மாலை 6 மணிச் செய்திக்கு முன் பிக் பென் மணியோசையையும் கோபுரத்திலிருந்தே கேட்கலாம். இதை வைத்துப் பழைய பாடநூல்களில் ஒரு கணக்கு வரும். கோபுரத்திலிருந்து 340 மீட்டர் தள்ளித் தெருவில் நிற்பவரை ஒலி சென்றடைய ஒரு வினாடி ஆகும். 300 கிலோமீட்டருக்கு அப்பால் வானொலி கேட்பவரை மின்காந்த அலை சென்றடைய வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே தொலைவில் இருப்பவரே முந்திக் கேட்பார். இந்தக் கணக்கை இன்று அப்படியே கொடுக்க இயலாது. டிஜிட்டல் வானொலியில் ஒலியை எண்களாக்கிச் சுருக்கி மீண்டும் விரிப்பதற்குள் சில வினாடிகள் கழிந்துவிடுகின்றன. இரண்டு வினாடி தாமதம் என்றே வைத்துக்கொண்டாலும், கோபுரத்திலிருந்து 680 மீட்டருக்குள் தெருவில் நிற்பவர்தான் வெல்கிறார். இணையத்தில் கேட்கும் நமக்குத் தாமதம் இன்னும் அதிகம். அந்தப் 'பிப்' ஒலியைக் கொண்டு கைக்கடிகாரத்தைத் திருத்தாதிருப்பது நலம்.

இனி இரண்டாவது விடை. 1957-இல் தொடங்கிய 'டுடே' என்ற காலைச் செய்தி நிகழ்ச்சிதான் இந்த நிலையத்தின் முகம். அமைச்சர்களைக் கூண்டில் நிறுத்திக் கேட்பதுபோல் கேள்வி கேட்பதில் அது பேர்போனது. அரசியலுக்கு அந்த முறை பொருந்தும். ஒரு கட்சிக்காரர் பேசினால் எதிர்க்கட்சிக்காரரையும் பேசவைப்பது முறைதான். அதே தராசில் அறிவியலையும் வைத்தபோதுதான் கோளாறு வந்தது.

2014 பிப்ரவரியில், பருவநிலை அறிஞர் பிரையன் ஹாஸ்கின்ஸுக்கு எதிரே முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசனை உட்காரவைத்து, வெள்ளத்துக்கும் பருவநிலைக்கும் உள்ள தொடர்பை விவாதிக்கச் செய்தார்கள். லாசன் அறிவியலார் அல்லர். கேட்பவர் செவிக்கு இரண்டும் இரண்டு கருத்துகளாகவே விழுந்தன. அந்த ஆண்டே பி.பி.சி.யின் முறையீட்டுப் பிரிவு இதைத் தவறென்று ஒப்புக்கொண்டது. இருந்தும் 2017 ஆகஸ்ட் 10 அன்று அதே நிகழ்ச்சியில் அதே லாசன், கடந்த பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சற்றே குறைந்திருப்பதாகச் சொன்னார். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. 2018 ஏப்ரலில் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான 'ஆஃப்காம்' இது விதிமீறல் என்று தீர்ப்பளித்தது.

'சற்றே' என்ற சொல்லைக் கவனியுங்கள். நள்ளிரவில் 'மெதுவாக' என்பதற்கு ஒன்றரை மில்லிபார் என்று வரம்பு கட்டிய நிலையம், விடிந்ததும் 'சற்றே' என்பதற்கு எவ்வளவு என்று கேட்க மறந்தது. உண்மையில் 2014, 2015, 2016 என்ற மூன்று ஆண்டுகளும் ஒன்றையொன்று விஞ்சி, பதிவான வெப்பநிலையில் அன்றைய உச்சத்தைத் தொட்டிருந்தன. 2016-இன் உச்சத்தில் எல் நினோவுக்கும் பங்குண்டு என்பது உண்மையே. ஆண்டுக்கு ஆண்டு உலகச் சராசரி 0.1 அல்லது 0.2 டிகிரி அளவுக்கு ஏறி இறங்குவது இயல்பு. 1970-களுக்குப் பின் அடிப்படை ஏற்றம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி. ஏற்றமும் அலைவும் பத்தாண்டில் ஒரே அளவினவாக இருப்பதால், வசதியான இரு ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கோடு போட்டால் எந்தப் பக்கமும் சாய்க்கலாம். முப்பதாண்டைப் பார்த்தால்தான் அலைவு அடங்கி ஏற்றம் தெரியும். ஊசல் சோதனையில் இரண்டே அளவீடுகளை வைத்துக் கோடு வரையும் மாணவனிடம் நான் கேட்கும் கேள்வியைத்தான் அன்று கேட்டிருக்க வேண்டும்.

எச்சரிக்கை இல்லாமல் நடந்ததும் அல்ல. மரபியல் பேராசிரியர் ஸ்டீவ் ஜோன்ஸ் 2011-இலேயே, பி.பி.சி.யின் அறிவியல் செய்திகளை ஆராய்ந்து, முடிந்த முடிவுகளுக்கும் விளிம்புக் கருத்துகளுக்கும் சம இடம் தரும் போலி நடுநிலையைக் குறித்து அறிக்கை தந்திருந்தார்.

ரேடியோ 4-இல் அறிவியல் தெரிந்தவர்கள் இல்லையா என்றால், நிறைய இருக்கிறார்கள். 1998-இல் மெல்வின் பிராக் தொடங்கிய 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியில் மூன்று பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் நியூட்ரினோவைப் பற்றியோ தனிச்சுழி வெப்பநிலையைப் பற்றியோ பேசுவார்கள். 2025-இல் விலகும்வரை பிராக் செய்த பெரிய பணி, புரியாத இடத்தில் அறிஞரை நிறுத்தி விளக்கம் கேட்டது. அவர் இலக்கியக்காரர், அதுவே அவருக்குப் பலம். பாக்தாதில் பிறந்த இயற்பியலார் ஜிம் அல்-கலிலி 2011 முதல் 'தி லைஃப் சயன்டிஃபிக்' நிகழ்ச்சியில் விஞ்ஞானிகளுடன் உரையாடுகிறார். 2016-இல் ஸ்டீபன் ஹாக்கிங் ரீத் சொற்பொழிவுகளைக் கருந்துளைகள் பற்றி நிகழ்த்தினார். மனிதக் குரலை நம்பி நிற்கும் நிலையத்தில் ஓர் எந்திரக் குரலைக் கேட்க மக்கள் காத்திருந்தார்கள். 'தி இன்ஃபினிட் மங்கி கேஜ்' பலருக்குப் பிடித்தது. எனக்கு அதில் சிரிப்பொலி அறிவியலைவிடச் சற்று உரக்கக் கேட்கிறது.

இவை எல்லாம் தனித்தனிப் பெட்டிகள் என்பதே என் மனக்குறை. அறிவியலுக்கென்று அரைமணி, முக்கால் மணி ஒதுக்கிவிட்டு, மிகப் பலர் கேட்கும் காலை வேளையில் அதே அறிவியலை அரசியல் செய்தியாளரிடம் ஒப்படைக்கிறார்கள். பழைய தலைமுறைக்கு வேறு வழியும் தெரிந்திருந்தது. 1951-இல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கி இன்றும் மாலை 7 மணிக்கு வரும் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடர் நாடகம், போருக்குப் பிந்திய உணவுப் பற்றாக்குறையில் உழவர்களுக்குப் புது முறைகளைச் சொல்லித்தரப் பிறந்தது. 1972 வரை வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனை அதற்கு இருந்தது. மாமியார் மருமகள் பேச்சுக்கு நடுவே மாட்டுக் காசநோயும் மண்வளமும் வந்து போகும்.

2018 செப்டம்பரில் பி.பி.சி. தன் செய்தியாளர்களுக்குப் பருவநிலை குறித்து வழிகாட்டுக் குறிப்பு அனுப்பியது. நடுநிலைக்காக மறுப்பாளர் ஒருவரை அழைக்கத் தேவையில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. நல்லதே, ஆனால் அது பருவநிலை ஒன்றுக்கு மட்டும் மருந்து. நாளை தடுப்பூசி, மறுநாள் அணுமின் நிலையம், அதற்கு மறுநாள் பணவீக்கம் என்று புள்ளிவிவரம் வந்துகொண்டே இருக்கும். செய்தியில் அடிபடும் எண்களைச் சோதிக்கும் 'மோர் ஆர் லெஸ்' என்ற அருமையான நிகழ்ச்சி 2001 முதல் இதே நிலையத்தில்தான் இருக்கிறது. இந்த எண் பெரியதா, எதனோடு ஒப்பிட்டுப் பெரியது, யார் எண்ணினார்கள் என்று அது பொறுமையாகக் கேட்கும். ஆனால் அது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஆண்டு முழுவதும் இல்லாமல், தவறான எண் காற்றில் போய்ப் பல நாள் கழித்துத்தான் வருகிறது. அந்தக் குழுவில் ஒருவருக்கு 'டுடே' ஒலிப்பதிவு அறையிலேயே ஒரு நாற்காலியும் ஒலிவாங்கியும் கொடுத்து, அமைச்சர் 'சற்றே' என்றதும் 'எவ்வளவு?' என்று குறுக்கிட அனுமதிக்கலாம். அதற்குப் புது நிகழ்ச்சி நிரலோ புதுச் செலவோ தேவைப்படாது.