'மங்கையர்க்கரசியின் காதல்': ஒரு தொகுப்பின் நிறையும் குறையும்

வ.வே.சு. ஐயரின் 'மங்கையர்க்கரசியின் காதல்' தமிழ்ச் சிறுகதை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் நூலாகும். ஆயினும், அதனை ஒரு நூலாக முழுமையாய்ப் படித்தோர் சிலரே. 'குளத்தங்கரை அரசமர'த்தை மட்டும் பாடத்திட்டங்கள் பிரித்தெடுத்துக்கொண்டன. தொகுப்போ வேறொரு கதையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஐயர் தலைமை தந்த கதையைக் காலம் மறந்தது. இடையில் வைத்த கதையை நினைவிற் கொண்டது. இதற்கான காரணம் தொகுப்பினுள்ளேயே உள்ளது.

கதைகள் கவிதை நிரம்பியனவாய், சுவையுணர்வு மிக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பது முன்னுரையில் ஐயர் காட்டும் அளவுகோல். கம்பனில் தோய்ந்தவரும் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான அவரிடம் இது இயல்பே. அவ்வளவுகோலைக் கொண்டே தலைப்புக் கதையும் 'காங்கேயன்' முதலியனவும் எழுதப்பட்டுள்ளன. 'எதிரொலியாள்', 'லைலா மஜ்னூன்', 'அனார்கலி' எனக் கிரேக்கமும் அரபு நாடும் மொகலாய அரண்மனையும் ஒரே நூலுள் வந்து சேர்கின்றன. அக்காலத் தமிழ் வாசகனுக்கு இப்பரப்பு ஒரு கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால், இக்கதைகளின் மாந்தர் சுவைகளைத் தாங்கும் கலங்களாகவே நிற்கின்றனர். காதலிக்கிறார்கள், துயருறுகிறார்கள், அவர்தம் வீட்டில் அடுப்பு எரிந்ததாகத் தெரியவில்லை.

'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்தது. தாகூரின் 'காட்டேர் கதா' (1884) இதற்கு முன்மாதிரி என்பர். அங்கே படித்துறை பேசுகிறது. இங்கே மரம் பேசுகிறது. இரண்டிலும் ஒரு பெண் நீரில் மறைகிறாள். இரண்டிலும் துறவி உண்டு. சட்டகம் கடன்பட்டது என ஒப்புக்கொள்வதில் தமிழ்ச் சிறுகதைக்கு இழுக்கொன்றும் இல்லை. கடன்படாதது எது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா.

அது அர்பத்நாட் வங்கியின் வீழ்ச்சி. 1906இல் சென்னையில் முறிந்த அந்நிறுவனத்தில் ருக்மிணியின் தந்தை காமேசுவரையரின் செல்வம் அழிகிறது. அதுவரை மருமகளைக் கொண்டாடிய ஜானகியின் அன்பும் அத்துடன் வற்றுகிறது. மகனுக்கு வேறு பெண் தேடும் முயற்சி தொடங்குகிறது. குழந்தை மணத்தால் பிணைக்கப்பட்ட ஒரு சிறுமியின் வாழ்வு தொலைவிலுள்ள ஒரு கணக்குப் புத்தகத்தால் முடிவு செய்யப்படுவதை ஐயர் உரத்துச் சொல்லாமலே காட்டிவிடுகிறார். தொகுப்பின் ஏனைய கதைகளில் இத்தகைய உலகியல் அழுத்தம் எங்கும் இல்லை.

மரத்தின் பயனும் இங்கேதான் விளங்குகிறது. மறுமணத்துக்கு இசைவது வெறும் நடிப்பே என நாகராஜன் தன் நண்பனிடம் சொல்வதை மரம் கேட்கிறது. ருக்மிணி அறியாத உண்மை மரத்துக்குத் தெரியும். சொல்ல அதற்கு வாயில்லை. பேசும் மரம் என்னும் உத்தியை வேடிக்கை எனக் கருதுவோர் இந்த ஊமைத்தன்மையைக் கவனிப்பதில்லை. நாகராஜன் தன் மனைவியிடம் மட்டும் உண்மையை மறைத்தது நம்பத்தக்கதன்று எனச் சிலர் குறை கூறுவர். எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. படித்த இளைஞன் ஒருவன் தன் பெற்றோருக்குப் பாடம் புகட்ட நினைக்கிறான். அந்நாடகத்தில் மனைவியின் அச்சத்தைக் கணக்கில் எடுக்க அவனுக்குத் தோன்றவேயில்லை. அக்காலக் கல்வி தந்த ஆணவத்தின் சரியான படம் அது.

குறை வேறிடத்தில் உள்ளது. பெண்ணின் மனத்தை விளையாட்டுக்கும் புண்படுத்தலாகாது என மரம் ஆடவருக்கு அறிவுரை கூறுகிறது. இதனால் பழி முழுவதும் விளையாட்டின்மேல் விழுகிறது. பணம் போனதும் உறவை முறித்த பெரியவர்களும், அதற்கு இடமளித்த வழக்கமும் தப்பிவிடுகின்றனர். தம் கதை கண்டுகாட்டியதை ஆசிரியர் தாமே சுருக்கிக்கொண்டார். நாகராஜன் துறவு பூணுவதும் இவ்வகையினதே: குற்றவுணர்வுக்கு ஒரு வடிகால் கிடைக்கிறது, வீட்டாரின் கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது.

நடையிலும் இப்பிளவைக் காணலாம். ஏனைய கதைகளில் ஐயர் எழுதுகிறார். இங்கே நீர் எடுக்க வந்த பெண்களின் பேச்சைப் பல காலம் கேட்டிருந்த ஒரு கிழமரம் பேசுகிறது. தம் புலமையைச் சற்று ஒதுக்கிவைத்த அந்த ஒரு கதைக்குத் தொகுப்பின் பெயரை அவர் தரவில்லை.