நாள்சிந்தனை உரைநடையில் கூற்றும் கேட்போரும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம், வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் போன்ற செய்யுட் படைப்புகளைச் சுற்றியே அமைந்துள்ளன. உரைநடை என்று வரும்போது வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம் முதலிய முன்னோடி நூல்களோடு நம் நோக்கு நின்றுவிடுகிறது. ஆனால், தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் விடியற்காலையில் கையில் எடுக்கப்படும் உரைநடை வேறொன்றாகும். விவிலியப் பகுதியொன்றைத் தலைப்பில் வைத்து, அதனை அன்றாட வாழ்வோடு பொருத்திக் காட்டி, சிறு மன்றாட்டோடு முடியும் ஒரு பக்கக் கட்டுரையே அது. 'அனுதினத் தியானம்', 'இன்றைய சிந்தனை', 'மன்னா' எனப் பல பெயர்களால் வழங்கும் இவ்வகையை இக்கட்டுரையில் நாள்சிந்தனை எனக் குறிக்கின்றோம். பக்திப் பயன்பாட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்டுவிட்டதால், இது திறனாய்வின் பார்வைக்குப் போதிய அளவு வரவில்லை. உரைநடை இலக்கிய வகை என்ற முறையில் இதன் நிறைகுறைகளை மதிப்பிட நாம் முற்படுகின்றோம். அம்மதிப்பீட்டுக்கான அளவுகோல் தமிழ் மரபிலேயே உண்டு என்பது நம் கருத்து. நூற்பெயர்களையும் மாந்தர் பெயர்களையும் 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழக்கிலேயே தருகின்றோம்.

வகைமையின் பின்புலம்

நாளோடு வாசிப்பை இணைக்கும் முறை தமிழுக்குப் புதியதன்று. அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் 1586இல் அச்சேறிய 'அடியார் வரலாறு' புனிதர்களின் வரலாறுகளைத் திருச்சபையின் திருநாள் வரிசையில் அமைத்துக் கூறுகிறது. எனினும், இன்றைய நாள்சிந்தனையின் வடிவம் வேறு இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது.

முதலாவது, தனிவசன முறை. செருமனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் வாழ்ந்த மொரேவியச் சபையார் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைத் தேர்ந்து 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக வெளியிட்டு வருகின்றனர். பழைய ஏற்பாட்டு வசனங்கள் சீட்டுக் குலுக்கல் முறையில் எடுக்கப்படுகின்றன. இச்சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர். தமிழ்ச் சபைகள் பலவற்றில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் பழக்கத்தை அறிந்தோர்க்கு இம்முறையின் இயல்பு எளிதில் விளங்கும். பின்னாளில் ஆசுவால்டு சேம்பர்சு என்பாரின் உரைகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1927இல் வெளிவந்த நாள்வரிசை நூலும், 1956இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழில் 'நமது அனுதின மன்னா' என வழங்கும் வெளியீடும் இவ்வழியை உலகெங்கும் பரப்பின.

இரண்டாவது, தொடர்வாசக முறை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962-1965) தீர்மானப்படி 1969இல் வெளியிடப்பட்ட வாசக அட்டவணை, ஞாயிறுகளுக்கு மூவாண்டுச் சுழற்சியையும், ஆண்டின் பொதுக்காலக் கிழமை நாள்களின் முதல் வாசகத்துக்கு ஈராண்டுச் சுழற்சியையும் வகுத்தது. கத்தோலிக்க நாள்சிந்தனைகள் பெரும்பாலும் இதனைப் பின்பற்றுகின்றன. முன்னதில் வசனம் தனித்து நிற்கும்; பின்னதில் பகுதி ஒன்று தொடர்ச்சியாக வரும். எழுதுவோர் தமக்கு உவந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது என்பது பின்னதன் சிறப்பு.

அளவுகோல்

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவும் உள்ளன. ஒரு செய்யுளை யார் கூறினார், யாரிடம் கூறினார், எங்கு, எப்பொழுது, என்ன பயன் கருதிக் கூறினார், கூறாது விட்டது யாது என்னும் வினாக்களே இவை. சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகள் இவற்றுக்கு விடை தருகின்றன. பரிமேலழகரும் அதிகார வைப்புமுறையை நிறுவிய பின்னரே குறளுக்குள் புகுகின்றார். பொருள் என்பது சொல்லில் மட்டுமன்றிச் சொல்லப்பட்ட சூழலிலும் தங்கியுள்ளது என்னும் தெளிவு நம் உரை மரபின் அடித்தளமாகும்.

நாள்சிந்தனை உரைநடை இவ்வுறுப்புகளுள் பயன் ஒன்றனையே பற்றிக்கொண்டு ஏனையவற்றைப் பெரும்பாலும் நழுவ விடுகிறது என்பதே நம் முதன்மைக் குற்றச்சாட்டு. இதனை மூன்று சான்றுகளால் நிறுவுவோம்.

கூற்று: யோபு நூல்

தொடக்கம் சிறிதாயினும் முடிவு நிறைவாக இருக்கும் என்னும் கருத்துடைய வசனம் யோபு நூலின் 8ஆம் அதிகாரத்தில் 7ஆவதாக உள்ளது. புதிதாகத் திறக்கும் கடைகளிலும் நாட்காட்டிகளிலும் இதனைக் காணலாம். சிறு முதலீட்டில் தொழில் தொடங்கியவர் வளர்ந்த கதையை இதற்கு விளக்கமாகத் தருவது நாள்சிந்தனைகளில் பழகிப்போன உத்தி. ஆனால், இது யார் கூற்று? யோபுவைத் தேற்ற வந்த நண்பருள் ஒருவனாகிய பில்தாத்தின் கூற்று. மூன்று வசனங்களுக்கு முன்னர் அவன் கூறியது யாது? யோபுவின் பிள்ளைகள் மாண்டதற்கு அவர்கள் செய்த பாவமே காரணமாகலாம் என்பது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தையின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட சொல் அது. நூலின் இறுதியில், 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில், எலிப்பாசும் அவனுடைய இரு நண்பர்களும் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கடவுளே கண்டிக்கின்றார்.

பில்தாத்தின் கொள்கை தெளிவானது: நல்லவன் செழிப்பான், கெட்டவன் அழிவான், ஆகவே அழிந்தவன் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டும். செழிப்பு பற்றிய வசனத்தை மட்டும் பிரித்தெடுத்தால் ஊக்கமூட்டும் மொழியாகிறது. அதன் மறுபாதி மறைந்து உடன் வருகிறது. முடிவு நிறைவாக அமையாத ஒருவர், தொழிலில் நொடித்தவரோ மகனை இழந்த தாயோ, அன்று காலை அப்பக்கத்தைப் படிக்கும்போது எதனை உணர்வார்? தம்மிடம்தான் குறை உள்ளது என்றே உணர்வார். யோபு நூல் முழுவதும் எதிர்த்து வாதிடும் கொள்கையை அந்நூலின் பெயராலேயே போதித்துவிடும் இம்முரண், கூற்றைக் கருதாமையால் நேர்வது.

தொடர்வாசக முறையும் இங்கு முழுத் தீர்வாகவில்லை. ஈராண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டு 26ஆம் வாரத்தில் யோபு நூல் வாசிக்கப்படுகிறது. அதில் நண்பர்களின் உரைகள் இடம்பெறவில்லை. இறுதி நாளின் வாசகமும் 42ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனத்திலிருந்து 12ஆம் வசனத்துக்குத் தாவிவிடுவதால் கடவுளின் கண்டிப்பும் விடுபடுகிறது. யோபுவின் புலம்பல் கேட்கிறது. அவர் யாரை எதிர்த்துப் பேசினார் என்பது கேட்பதில்லை.

கேட்போரும் காலமும்: எரேமியாவின் கடிதம்

கடவுள் தம் மக்களுக்கு நல்வாழ்வையும் எதிர்காலத்தையும் எண்ணியிருக்கிறார் என்னும் பொருளில் அமைந்த எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம், தேர்வெழுதும் மாணவர்க்கும் வேலை தேடும் இளைஞர்க்கும் வாழ்த்தாக வழங்கப்படுவது. இது ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களே கேட்போர். காலமோ 70 ஆண்டுகள் என முந்தைய வசனம் வரையறுக்கிறது. அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் மிகப் பலர் அந்த நல்வாழ்வைக் காணாமலே மறைவர்.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன் தோன்றுகின்றான். இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவர் என்று அவன் உரைத்தான்; எரேமியா அதனைப் பொய் என்று மறுத்தார். 70 ஆண்டு என்னும் குறிப்பை நீக்கிவிட்டு 11ஆம் வசனத்தை மட்டும் உடனடி வெற்றிக்கான உறுதியாக்கும் நாள்சிந்தனை, எரேமியாவின் சொல்லை எடுத்து அனனியாவின் செய்தியைக் கூறுகிறது எனலாம்.

இழப்பு இத்துடன் நிற்கவில்லை. அக்கடிதத்தின் தொடக்கத்தில், அந்நிய ஊரில் வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்னும் அறிவுரைகள் உள்ளன. மலேசிய, சிங்கைத் தமிழ் வாசகர்க்கு இப்பகுதி எவ்வளவு நெருக்கமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டோர் ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்று கப்பலேறியவர்கள் லயத்து வீடுகளின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்ட வரலாறு நம்முடையது. நடுவது தங்கிவிட்டதன் அறிகுறி. இக்கடிதத்தை முழுமையாக வாசித்து எழுதப்படும் ஒரு பக்கம், திரும்புதலுக்கும் தங்குதலுக்கும் இடையில் வாழ்ந்த மூன்று தலைமுறையினரோடு உரையாடும் ஆற்றல் உடையது. வாழ்வோடு இணைத்தல் என்பதே இவ்வகையின் குறிக்கோளாயின், சூழலை வெட்டியெறியும்போது வாழ்வோடு இணையும் பகுதியே வெட்டுண்டு போகிறது என்பது நோக்கத்தக்கது.

களன்: பிலிப்பியர் நிருபம்

தம்மைப் பலப்படுத்துகிறவரால் எதையும் செய்ய வல்லேன் என்னும் பவுலடியாரின் உறுதிமொழி (பிலிப்பியர் 4:13) விளையாட்டு வெற்றிக்கும் பதவி உயர்வுக்கும் எடுத்தாளப்படுகிறது. இதன் களன் சிறை. முந்தைய இரு வசனங்களில், பசியோடிருக்கவும் நிறைவோடிருக்கவும், எந்நிலையிலும் மனநிறைவு கொள்ளவும் கற்றுக்கொண்டதாக அவர் கூறுகின்றார். ஆகவே, 'எதையும்' என்பது எதையும் சாதிப்பேன் என்பதனினும் எதையும் தாங்குவேன் என்பதற்கே நெருங்கியது. களனை ஒரு தொடரில் குறிப்பிட்டிருந்தாலே போதும்; பதவி உயர்வு கிடைக்காதவர்க்கும் அவ்வசனம் உரியதாகியிருக்கும்.

எச்சம்

நாள்சிந்தனையின் அமைப்பு வசனம், நிகழ்ச்சி, படிப்பினை, மன்றாட்டு என நான்கு கூறுகளாக இறுகிவிட்டது. நிகழ்ச்சி படிப்பினைக்காகவே புனையப்படுவதால், அதில் வரும் மாந்தர்க்கு உயிரில்லை. நோயாளி குணமடைவார், பிரிந்த குடும்பம் சேரும். ஆறுதலோடு முடித்தாக வேண்டும் என்னும் கட்டாயம் எச்சத்துக்கு இடமளிப்பதில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. விடியல் எதனையும் அது காட்டுவதில்லை. விவிலியமே முடிக்காது விட்ட ஒன்றை ஒரு பக்கக் கட்டுரை முடித்துவைப்பது, வாசகரின் துயரத்தை அவசரப்படுத்துவதாகும். விடை கூறாது, வினாவோடு வாசகரை அன்றைய நாளுக்குள் அனுப்பும் பக்கங்களும் அரிதாக உண்டு. அவையே நினைவில் தங்குகின்றன.

மறுப்பும் விளக்கமும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். இறைநம்பிக்கையாளர்க்கு விவிலியம் பழங்காலக் கடிதம் மட்டுமன்று. இன்று தம்மோடு பேசும் சொல். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களே பழைய வசனங்களைப் புதிய சூழலுக்கு எடுத்தாண்டனர். மேலும், ஒரு பக்க அளவில் சூழலை எல்லாம் விளக்க இயலுமா? இம்மறுப்பு வலுவுடையதே. பொருள் இடம்பெயர்வதை நாம் குறை கூறவில்லை. இடம்பெயராத நூல் வாழாது. எங்கிருந்து பெயர்ந்தது என்பதைச் சொல்லாமல் பெயர்ப்பதையே குறை கூறுகின்றோம். 12ஆம் நூற்றாண்டுத் துறவியாகிய இரண்டாம் குயிகோ இறைவாசிப்புக்கு வகுத்த நான்கு படிகளில் முதற்படி வாசித்தல். தியானமும் மன்றாட்டும் அதன் பின்னரே. பக்க அளவும் தடையன்று. சங்கப் பாடலின் கூற்றுக்குறிப்பு ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. 'இது பில்தாத் சொன்னது', 'இது சிறையிலிருந்து எழுதியது' என்பனவும் அவ்வாறே அடங்கும்.

எழுதுவோரின் சொற்களுக்கும் இவ்விதி பொருந்தும். சேம்பர்சின் நூலே இதற்குச் சான்று. இலண்டனில் மாணவரிடமும் எகிப்தில் போர்வீரரிடமும் அவர் ஆற்றிய உரைகளை அவர்தம் மனைவி சுருக்கெழுத்தில் குறித்துவைத்தார். 1917இல் கணவர் மறைந்த பின்னர் அவற்றை நாள்வாரியாகப் பகுத்தார். சாவின் அருகில் நின்ற வீரர்க்குச் சொன்ன கடுமொழி, அமைதியான வரவேற்பறையில் வேறு பொருள் தருகிறது. அங்கும் கேட்போர் மறைந்துள்ளனர்.

முடிவுரை

மன்னாவைப் பற்றிய யாத்திராகமக் கதையில், அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே சேர்க்க வேண்டும். ஓய்வுநாளுக்கென ஆறாம் நாளில் சேர்த்தது நீங்கலாக, மறுநாளுக்கு வைத்தது புழுத்துவிடும். தம் வெளியீடுகளுக்கு அப்பெயரைச் சூட்டிக்கொண்டோர் இதனை எண்ணிப் பார்க்கத்தகும். நேற்றைய விளக்கத்தையும் பிறர் நாட்டு நிகழ்ச்சியையும் சேமித்து வைத்துப் பரிமாறுவது அப்பெயருக்குப் பொருந்தாது.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. பள்ளிக் கூட்டங்களில் நாளொரு குறள் சொல்லும்போதும், புறநானூற்றின் 192ஆம் பாடலை அதன் முதல் அடியளவில் முழக்கமாக்கி, அது ஊழையும் ஆற்றுவழிப் புணையையும் பற்றிப் பேசுவதை மறக்கும்போதும், நாம் செய்வதும் இதுவே. மாணவர் ஒரு வரியைக் கேட்டவுடன் 'யார், யாரிடம், எப்பொழுது சொன்னது?' என்று வினவப் பழகினால், அவர்கள் காலையில் படிப்பது குறளாயினும் விவிலியமாயினும் தம் வாழ்வுக்கு உரியதைத் தாமே கண்டுகொள்வர்.